அந்தப் பக்கம் வலை விடாதை

யூலை 21

கீச்சு, உன் கீபோட்டுக்குள் எறும்பு குடிவந்துவிட்டது.

மூடியிருந்த சேலையைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்புக் கட்டைகளின் இடுக்கால் வரிசையாகப் போகின்றன, தங்களுக்கென்றே கட்டின வீடு மாதிரி. உன் செத்தவீட்டன்று அண்ணை மூடின சேலை அது. "ஆட்டைத்திவசம் முடியுமட்டும் இதை ஒருத்தரும் தொடப்படாது" என்று சொல்லி மூடினவர். நீ போனது கார்த்திகையில். வருஷம் இன்னும் திரும்பவில்லை.

நான் தொட்டேன். பழைய பல்லுப் பிறஸ்ஸால் எறும்பைத் தட்டினேன். ஒரு கட்டையில் விரல் பட்டுவிட்டது. கரண்டு கொடுக்காதபடியால் சத்தம் வரவில்லை. அப்படியிருந்தும் அண்ணை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

நாளுக்கு ஒரு வரியாவது எழுது அக்கா, எழுத்துப் பழகும் என்று சொல்லி நீ தந்த கொப்பியில்தான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. பிழை இருந்தால் இருக்கட்டும். திருத்துகிற ஆள் போய்விட்டாள்.

யூலை 24

கடைக்கு இடியப்பம் கொண்டுபோனேன். "முகம் தெளிஞ்சிருக்கு அன்ரி" என்றான் கடைக்காரப் பெடியன். தெளிவும் இல்லை ஒன்றும் இல்லை. வேர்வை.

யூலை 27

படலையில் மூன்று பேர் வந்து நின்றார்கள்.

தேனுஜன். 'உவன் வாயை மூடினால் நல்லாப் பாடுவான்' என்று நீ சொல்லுவாயே, அவன்தான். மீசை அரும்பிவிட்டது. அவனோடு லெனாட், உன் சிநேகிதி றெஜினாவின் அக்கா மகன், கண்டதிலெல்லாம் தாளம் போடுகிறவன். இப்போதும் என் படலையில்தான் போட்டுக்கொண்டு நின்றான். பின்னால் எங்கள் அண்ணையின் மகள் அபிசனா. அவள் மட்டும் ரோட்டால் வரவில்லை, இரண்டு வளவுக்கும் நடுவில் உள்ள சின்னக் கேற்றால் வந்தாள்.

"அன்ரி, இந்த ஆவணி லீவுக்கு ரீச்சரின்ரை பாட்டு வகுப்பு இல்லையோ?"

"ஆர் சொன்னது இல்லையெண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் கேக்கிறம்."

"இருக்கு."

"ஆர் படிப்பிக்கிறது?"

"வந்து பாருங்கோவன்."

அவர்கள் போன பிறகு படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் சொன்னேன்? எனக்கு ச ரி க ம கூட ஒழுங்காக வராது. நீ படிப்பித்ததும் அது இல்லையே. சினிமாப் பாட்டை மற்ற இடத்தில் படியுங்கோ, இங்கே சொந்தமாய்ப் பாட்டுக் கட்டுங்கோ என்பாய். நான் குசினிக்குள் நின்று மா அரிப்பேன். நீ அங்கிருந்து கேட்பாய், "அக்கா, ஆராவது இப்பிடிக் கதைப்பினமோ?" நான் "ஒருத்தரும் கதையாயினம்" என்றால் அந்த வரியை வெட்டச் சொல்லுவாய். அவ்வளவுதான் எனக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு.

ஆனால் போன ஆவணியில், கடைசி நாளில், நீ அவர்களுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. "அடுத்த வருஷமும் இருக்கு." நீ சொன்னாய். நான் கேட்டேன். அப்போ இருக்கு.

யூலை 28

றெஜினாவிடம் போனேன். தேவாலயத்தில் கீபோட் வாசித்து முடித்துப் படியால் இறங்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் உடனே தலையாட்டவில்லை.

"வருஷம் திரும்பாத வீடு அக்கா. உங்கடை ஆக்கள் ஒண்டும் சொல்லமாட்டினமோ?"

"சொல்லுவினம்."

"அப்ப?"

"நீங்கள் செத்தவீட்டிலையே பாடுறனீங்கள். உங்கடை ஆண்டவருக்குக் கேக்கிற காது எங்கடை பிள்ளையாருக்கு மட்டும் அடைச்சுப்போட்டுதோ?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, "எத்தினை மணிக்கு வாறது?" என்றாள்.

யூலை 30

அண்ணைக்குத் தெரிந்துவிட்டது. கடலால் வந்த கையோடு, குளிக்காமல், சின்னக் கேற்றடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஞானம், என்ன கேள்விப்படுறன்?"

"கேள்விப்பட்டது சரிதான்."

"ஒரு வருஷத்துக்குள்ளை செத்தவீட்டிலை பாட்டோ? பொங்கலுக்குப் பானை வைச்சனாங்களோ? நல்லூர்த் திருவிழாவுக்குப் போறமோ? எல்லாத்தையும் விட்டிட்டுத்தானே இருக்கிறம். திவசம் முடியட்டும், பிறகு என்னத்தையும் செய்."

"திவசம் முடியேக்கை லீவு முடிஞ்சிடும் அண்ணை."

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊரோ காலமை எழும்பி எனக்கு மா குழைக்கிறது?"

அவருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். குரல் இறங்கும். உனக்குத் தெரியும்.

"இந்த வீட்டிலை பாட்டுச் சத்தம் கேட்டா நான் இதுக்குள்ளை கால் வைக்கமாட்டன். திவசத்துக்கு ஐயரையும் நீயே கூப்பிடு. பிண்டத்தையும் நீயே வை."

"வைக்கிறன்."

சொல்லிவிட்டேன். பொம்பிளை வைக்கலாமோ? தெரியாது. உனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தது அண்ணை. காடாத்தி, அஸ்தியைப் படகில் கொண்டுபோய்க் கரைத்ததும் அவர்தான். என்னைக் கரையில்கூட நிற்க விடவில்லை. எந்த இடத்தில் கரைத்தனீங்கள் என்று கேட்டேன். "கடல்தானே" என்றார். அவ்வளவுதான் பதில். அம்மா போனபிறகு உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவளுக்கு, கடல்தானே.

அவர் வராவிட்டால் திவசத்துக்கு ஆள் இல்லை. நீ எள்ளுந்தண்ணியும் இல்லாமல் நிற்பாய். ஆனாலும் மாட்டன். திரும்பிப்போய் இல்லையெண்டு அந்தப் பிள்ளையளுக்குச் சொல்லமாட்டன்.

யூலை 31

சின்னக் கேற்றுக்கு அண்ணை ஆமைப்பூட்டுப் போட்டுவிட்டார். என் பக்கத்தில் நான் ஒரு பூச்சாடியை நகர்த்தி வைத்தேன். பூட்டு வடிவாய்த் தெரியவேண்டும் என்று மறைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

ஓகஸ்ட் 2

சங்கக்கடையில் இரண்டு பேர் எனக்குக் கேட்கத்தக்கதாகக் கதைத்தார்கள். "தங்கச்சி போன பிறகு ஞானத்துக்கு மண்டையிலை கொஞ்சம் தட்டிப்போட்டுது."

திரும்பினேன். "ஓம் தட்டிப்போட்டுது. வெள்ளிக்கிழமை வாங்கோ, பாட்டும் கேக்கலாம்."

பருப்பு வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 8

முதல் நாள்.

போன வருஷம் விறாந்தையில் இடம் காணாமல் கிணற்றடி மட்டும் பாய் விரித்தோம். இன்று ஒரு பாய் போதும். தாய் தகப்பன்மார் மறித்துவிட்டார்கள். தேனுஜன், லெனாட், ரியூசனை விட்டுவிட்டு வந்த இரண்டு பெட்டையள். கொஞ்ச நேரத்தில் அபிசனா. ரியூசன் பையோடு, சுற்றி ரோட்டால் வந்தாள். நான் கேட்குமுன்னமே சொன்னாள்: "அம்மா அனுப்பினவ மாமி. அப்பாட்டைக் கணக்கு வகுப்பு எண்டு சொல்லியிருக்கிறா."

குணலட்சுமி மச்சாள், நீயும் எங்கடை பக்கந்தானோ. நான் இதை எதிர்பார்க்கவில்லை.

றெஜினா சேலையை எடுத்து மடித்துக் கதிரையில் வைத்தாள். கீபோட்டுக்குக் கரண்டு கொடுத்தாள். ஒரு கட்டையை அழுத்தினாள். மதிலுக்கு அங்கால் அண்ணை வீட்டில் வானொலி போய்க்கொண்டிருந்தது. நின்றுவிட்டது.

"அழுத்து" என்றேன். "இன்னும் கொஞ்சம் பலமா அழுத்து."

பிறகு உன் சட்டங்களைச் சொன்னேன். எனக்கு அவை மனப்பாடம். ஒன்று, கனவு, கண்ணீர், நிலா, இதயம், உயிர் இந்தச் சொல்லெல்லாம் சினிமாவில் தேய்ந்துபோனவை, பாட்டுக்குள் வரக்கூடாது. வாய் தவறிச் சொன்னவர் கிணற்றில் ஒரு வாளி தண்ணி அள்ளித் தொட்டிக்குள் ஊற்றவேண்டும். மற்றது, ஒவ்வொரு நாளும் வீட்டில் காதில் விழுந்த ஒரு வசனத்தைக் கொண்டுவரவேண்டும். சொந்தமாய்ச் சோடிக்கக்கூடாது, விழுந்தபடியே.

தேனுஜனின் வசனம்: "போனோடை குடும்பம் நடத்துறதெண்டாச் சோத்தையும் அதிட்டையே கேள்."

லெனாட்டின் வசனம்: "கறிக்கு உப்புக் காணாதெண்டா, கடல் பக்கத்திலைதானே கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஏதோ சத்தம் என்னிடமிருந்து வந்தது.

அபிசனா மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை. "எங்கடை வீட்டிலை ஒருத்தரும் கதைக்கிறேல்லை மாமி."

ஓகஸ்ட் 9

லெனாட் தன் தகப்பனின், தக்கை மாதிரி லேசான றெஜிபோம் மீன்பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்துத் தாளம் போடுகிறான். வீடு முழுக்க மீன் மணம். பூனைகள் வகுப்புக்கு ஒழுங்காக வருகின்றன.

றெஜினா நல்லாய்ப் படிப்பிக்கிறாள். வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லு, உன் குரல் எந்த இடத்தில் ஏறுதோ அந்த இடத்தில் கட்டையும் ஏறட்டும், மெட்டை வெளியிலே தேடாதே என்கிறாள். உன்னிடம் படித்ததா, அல்லது நீ அவளிடம் படித்ததா?

ஓகஸ்ட் 10

இன்று நான் என் எண்ணத்தைச் சொன்னேன்.

உன் போனில் ஒரு பாட்டு இருக்கிறது. நீ முணுமுணுத்துப் பதிந்தது. இரண்டு வரி, அதன் பிறகு மெட்டு மட்டும், பிறகு நீ இருமுகிறாய், பிறகு "அக்கா, அடுப்பிலை ஏதோ எரியுது" என்கிறாய். முடிந்துவிடுகிறது. அதை முடித்துக் கடைசி நாளில் இவர்கள் பாடவேண்டும். அதுக்குத்தான் இந்த வகுப்பு. இப்போது சொல்லுகிறேன், ஊருக்கு எதிராய் நான் நின்றது அதுக்குத்தான்.

போட்டுக் காட்டினேன். எல்லோரும் குனிந்து கேட்டார்கள். "ஓம் அன்ரி" என்றார்கள்.

ஓகஸ்ட் 11

நாள் முழுக்க முயன்றார்கள். றெஜினா மெட்டைப் பிடித்துவிட்டாள். வரிகள் வரவில்லை. வந்ததெல்லாம் ரீச்சர், தீபம், பூ. கோயில் திருவிழா மலரில் போடுகிற கவிதை மாதிரி. அபிசனா பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் வருகுதில்லை?" என்றேன்.

தேனுஜன்தான் வாயைத் திறந்தான். "இது ரீச்சரின்ரை பாட்டு அன்ரி. எங்கடை இல்லை."

"அவ இல்லையெண்டபடியால்தானே உங்களைச் செய்யச் சொல்லுறன்."

"ரீச்சர் இருந்திருந்தா எங்களைத் தொட விட்டிருக்கமாட்டா. தன்ரை பாட்டை ஒருநாளும் எங்களுக்குப் படிப்பிக்கேல்லை. அவவுக்குப் பிடிக்காது."

"அவவுக்கு என்ன பிடிக்கும் பிடிக்காது எண்டு நீ எனக்குச் சொல்லுறியோ? நீ?"

"நீங்கள் கேட்டனீங்கள், சொன்னன்."

எழும்பு எண்டன். எல்லாரும் எழும்புங்கோ, போங்கோ எண்டன். லெனாட் பெட்டியைத் தூக்கேக்கை நான் அதையும் இழுத்து வெளியிலை எறிஞ்சன். ஒரு மூலை உடைஞ்சுபோச்சு. றெஜினா கீபோட்டை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தாள். அண்ணை பாத்த மாதிரி.

முந்தநாள் மீசை முளைத்த பெடியனுக்கு உன்னைப் பற்றித் தெரியுமாம். எனக்குத் தெரியாதாம்.

ஓகஸ்ட் 12, காலமை

உன் போனில் இருப்பதைத் திரும்பக் கேட்டேன். கேட்டேன். கேட்டேன். அடுப்பில் எரிந்தது கத்தரிக்காய்.

அவன் சொன்னது சரி. விசரன். சரியாய்ச் சொன்னபடியால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

ஓகஸ்ட் 12, பின்னேரம்

வருவார்கள் என்று நினைக்கவில்லை. வந்தார்கள். உடைந்த பெட்டிக்கு ஒட்டுகிற ரேப் சுற்றியிருந்தது. ஒருவரும் நேற்றைப் பற்றிக் கதைக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இடியப்பமும் சொதியும் கொடுத்தேன், அதை அவர்கள் என்னவென்றாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

"இண்டைக்கு நீங்களும் ஒரு வசனம் கொண்டுவாங்கோ அன்ரி" என்றான் தேனுஜன். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"என்ரை வீட்டிலை ஆர் கதைக்கிறது, கொண்டுவர?"

"நீங்கள் குசினிக்குள்ளை ரீச்சரோடை கதைக்கிறனீங்கள். எங்களுக்கு வடிவாக் கேக்கிறது."

என்ன செய்ய. சொன்னேன். "கீச்சு, உனக்காகக் கண்ணீர் விடுறதுக்கும் ஊரிட்டை உத்தரவு கேக்கோணுமாம்."

பூனைகூட அசையவில்லை. றெஜினா கீழே பார்த்தாள். பிறகு தேனுஜன், மிக மரியாதையாக:

"கண்ணீர் எண்டு சொல்லிப்போட்டியள் அன்ரி. வாளி அங்கை கிடக்கு."

ஒரு நிமிஷம் அவனுக்கு அறையலாம் போலிருந்தது. பிறகு எழும்பிப் போனேன். அள்ளினேன். தொட்டிக்குள் ஊற்றினேன். அவர்கள் கை தட்டினார்கள், லெனாட் ரேப் சுற்றிய பெட்டியில் தாளம் போட்டான். நீ போனதிலிருந்து எல்லோரும் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்திக் கதைக்கிறார்கள். இவன் ஒருத்தன்தான் என்னைத் தண்ணி அள்ளவைத்தவன்.

உன் பாட்டு உன் போனிலேயே இருக்கட்டும். அதை ஒருத்தரும் முடிக்கப்போவதில்லை. நான் விடமாட்டேன்.

ஓகஸ்ட் 13

அபிசனா வசனம் கொண்டுவந்தாள்.

வந்தவுடன் சொல்லவில்லை. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, யாரையும் பார்க்காமல்: "அந்தப் பக்கம் வலை விடாதை."

"அது ஆர் சொன்னது?" றெஜினா கேட்டாள்.

"அப்பா. போனிலை." அண்ணையோடு பங்குக்குத் தொழிலுக்குப் போகிற ஜெயதீபன் எடுத்திருக்கிறான். ஜெயதீபன் சொன்னதும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. "அதிலைதான் அண்ணை மீன் நிக்குது." அதுக்கு அண்ணை, "நிக்கட்டும்."

தேனுஜன் நிமிர்ந்தான். "இன்னொருக்காச் சொல்லு."

"மீன் நிக்குது. நிக்கட்டும்."

லெனாட்டின் விரல் பெட்டியில் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது. றெஜினா கீபோட்டில் ஏறுகிற இடத்தில் ஏறி, 'நிக்கட்டும்' என்பதில் இறங்கி நின்றாள். யாரும் தேடவில்லை, மெட்டு அதுக்குள்ளேயே கிடந்தது. அப்போது அந்த ரியூசன் பெட்டையளில் ஒருத்தி கேட்டாள், "ஏன் அந்தப் பக்கம் விடக்கூடாதாம்?"

அபிசனா சொன்னாள்: "சின்ன மாமியை அங்கைதான் கரைச்சவர். அதுக்குப் பிறகு அப்பா அதிலை வலை விடுறேல்லை. ஒருத்தரையும் விட விடுறதுமில்லை. ஜெயதீபன் மாமாவோடை அதுதான் சண்டை."

நான் குசினிக்குள் இருந்தேன். மா அரித்துக்கொண்டிருந்தேன். அரிதட்டை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடல்தானே எண்டவர்.

எனக்குச் சொல்லேல்லை கீச்சு. கேட்டனான். கேட்டனான்தானே? கடல்தானே எண்டு சொல்லிப்போட்டு, மீன் நிக்கிற இடத்தை விட்டிட்டு, பங்காளியோடை முறுகிக்கொண்டு, இந்த மனுசன் கார்த்திகையிலையிருந்து அந்த இடத்தைச் சுத்திச் சுத்திப் போயிருக்கிறார். எனக்குச் சொல்லேல்லை.

ஓகஸ்ட் 14

பாட்டு முக்கால்வாசி வந்துவிட்டது. தேனுஜன் ஒரு வரி போட்டிருக்கிறான்: "ஊர் கதைக்குது — கதைக்கட்டும்." அது என்னைப் பற்றித்தான். கேட்டால் இல்லையாம்.

மனதில் ஒரு அந்தரமும் வந்திருக்கிறது. இதைப் பாடினால் அண்ணையின் மனதை ரோட்டில் விரித்த மாதிரி. நேற்று எனக்கு, நல்லாய் வேண்டும், பாடட்டும், மதிலைத் தாண்டிக் கேட்கட்டும் என்றிருந்தது. எனக்குப் பூட்டுப் போட்டவர்தானே. இன்றைக்கு அப்படி இல்லை. என் வசனமென்றால் நான் முடிவெடுக்கலாம். இது அபிசனாவின் வசனம்.

அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டேன். "பாடுறதோ, விடுறதோ? நீ சொல்லு."

"அப்பா ஏசுவார் மாமி."

"ஏசுவார்."

"கணக்கு வகுப்பு எண்டு பொய் சொன்னதும் தெரிஞ்சுபோம்."

"தெரியும்."

கொஞ்ச நேரம் தொட்டித் தண்ணிக்குள் கையை விட்டு அளைந்தாள். "அவர் வீட்டிலை ஒண்டும் கதைக்கிறேல்லை. இது ஒண்டுதான் கதைச்சவர். இதையும் பாடாட்டிப் பிறகு என்ன இருக்கு?"

பதினைஞ்சு வயசு.

ஓகஸ்ட் 15

கோயிலுக்குப் போகக்கூடாது என்றபடியால் ரோட்டில் நின்றே கும்பிட்டேன். பிறகு பிள்ளையாரிடம் சொன்னேன், நாளைக்குப் பாட்டு, உமக்குக் கேட்கும், கேட்காத மாதிரி இருக்கவேண்டாம் என்று.

ஓகஸ்ட் 16

கடைசி நாள். முற்றத்தில் பாய் விரித்தோம். சோளகக் காற்றுப் பாயைத் தூக்கித் தூக்கி எறிந்தது, நாலு மூலைக்கும் கல்லு வைத்தேன். வந்தது கொஞ்சப் பேர்தான். றெஜினாவின் அக்கா, தேனுஜனின் தாய், சங்கக்கடையில் கதைத்த இரண்டு பேரில் ஒருத்தி. ஓம், வந்தாள். அவளுக்கு நானே கதிரை போட்டேன். குணலட்சுமி மச்சாள் மதிலுக்கு அங்கால் உடுப்புக் காயப்போட்டாள். ஒரே சட்டையை எடுத்து எடுத்துப் போட்டாள்.

தேனுஜனின் போன் பாட்டுக்கு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அபிசனா எழும்பினாள். அப்போதுதான் ரோட்டில் மோட்டர்சைக்கிள் சத்தம். அண்ணை. படலைக்கு நேரே, எஞ்சினை நிப்பாட்டாமல், காலை ஊன்றிக்கொண்டு நின்றார். மகள் கணக்கு வகுப்பில் இல்லை என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

அபிசனா கண்டாள். நான் கண்டேன். றெஜினா என்னைப் பார்த்தாள். நான் கையைக் காட்டினேன், தொடங்கு என்று.

*அந்தப் பக்கம் வலை விடாதை*
*மீன் நிக்குது — நிக்கட்டும்*
*வெறும் படகோடை வந்தாலும்*
*ஊர் கதைக்குது — கதைக்கட்டும்*
*கிழக்கை ஒரு மூலை இருக்கு*
*அதிலை எங்கடை ஆள் இருக்கு*
*அந்தப் பக்கம் வலை விடாதை*

முதல் 'நிக்கட்டும்' வந்தபோது எஞ்சின் நின்றது.

அவர் நிப்பாட்டினாரா, தானாக நின்றதா, எனக்குத் தெரியாது. பாட்டு முடியும்வரை அது திரும்ப உறுமவில்லை. நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் வென்ற மாதிரி இருக்கும். எனக்கு அது வேண்டாம். நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லெனாட்டின் ரேப் கழன்றுவிட்டது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அடித்தான்.

முடிந்தபிறகு மோட்டர்சைக்கிள் உதைக்கிற சத்தம். ஒருக்கா, இன்னொருக்கா. பிறகு போய்விட்டார்.

ஒருவரும் கை தட்டவில்லை. சங்கக்கடைக்காரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்காப் பாடுங்கோ பிள்ளையள்" என்றாள்.

ஓகஸ்ட் 17

பூட்டு அப்படியே இருக்கிறது. மதிலுக்கு அங்கால் ஒரு பேச்சுச் சத்தமும் இல்லை. அபிசனாவைக் காணவில்லை.

நான் செய்தது பிழையோ? பிழையென்றாலும் செய்தது செய்ததுதான். திரும்பவும் செய்வேன்.

ஓகஸ்ட் 18

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. அபிசனா வெள்ளைச் சட்டையோடு படலையைத் தாண்டிப் போனாள். கையைக் காட்டினாள். அடி விழுந்த முகம் இல்லை.

ஓகஸ்ட் 20

திவசத்துக்கு ஐயரிடம் கேட்டேன், பொம்பிளை பிண்டம் வைக்கலாமோ என்று. தலையைச் சொறிந்தார். "தமையன் இருக்கேக்கை ஏன் அம்மா" என்றார். இருக்கிறார், ஆனால் வரமாட்டார் என்றேன். யோசித்துச் சொல்லுகிறேன் என்றார். யோசியும். கார்த்திகை மட்டும் நேரம் இருக்கு.

ஓகஸ்ட் 23

காலமை எண்ணெய் மணம். வெளியில் வந்து பார்த்தால் அண்ணை சின்னக் கேற்றின் பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கிறார். உப்புக் காற்றுக்கு இறுகிவிட்டது. திருகின திருகில் திறப்பு உடையப்போகிறது என்று நினைத்தேன். திறபட்டது. பூச்சாடியைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் அபிசனா.

விறாந்தைக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடித்துக் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஞானம். பாட்டு வேண்டாமெண்டு அண்டைக்குச் சொன்னனான். இப்பவும் அதைத்தான் சொல்லுறன்."

"சரி."

"ஆனாப் பாடுறதெண்டாப் பிழையாப் பாடக்கூடாது."

"என்ன பிழை?"

"கிழக்கை எண்டு பாடுறாள். கிழக்கை இல்லை. கோயில் கோபுரமும் தண்ணித் தாங்கியும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு வரோணும். அதிலையிருந்து நேர வடக்கை. ஆழம் மாறி, தண்ணி கறுக்கிற இடம்." சொல்லிக்கொண்டே கையால் காட்டினார். கோபுரம், தாங்கி, பிறகு விரல் மதிலைத் தாண்டிக் கடல் பக்கமாய் நீண்டு அப்படியே நின்றது. "அதிலைதான்."

கேட்டதுக்குப் பதில். ஒன்பது மாசம் கழித்து.

"மற்றது, வெறும் படகோடை வந்தாலும் எண்டு போட்டிருக்கிறியள். நான் எந்தக் காலத்திலை வெறும் படகோடை வந்தனான்? வேறை இடத்திலை விட்டுப் பிடிச்சுக்கொண்டுதானே வாறன். தொழில்காரனை ஊருக்கு முன்னாலை மானம் கெடுக்கிறதோ?"

"அப்ப அந்த வரிக்கு என்ன போடுறது அப்பா?" அபிசனா கேட்டாள். கையில் பேனை தயாராக வைத்திருந்தாள்.

அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு உள்ளே போகவேண்டும் போல இருந்தது, போகவில்லை.

"எங்கடை உயிர் ஒண்டு அங்கை கிடக்குது. அப்பிடிப் போடு."

அபிசனா எழுதவில்லை. வாளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நானும் மறுபக்கம் திரும்பிவிட்டேன். அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன, சரியில்லையோ?" என்றார்.

"நல்லாயிருக்கு அண்ணை" என்றேன்.

எழும்பிப் போகும்போது கேற்றடியில் நின்று, திரும்பாமல், "திவசத்துக்கு ஐயருக்குச் சொல்லிப்போட்டன். எள்ளு நீ வாங்கி வை" என்றார். கொஞ்சம் நின்று, "அந்தப் பிள்ளையளையும் திவசத்தண்டு பின்னேரம் வரச்சொல்லு. நாளைக்கு வந்து மிச்சத்தைப் பாக்கிறன், இன்னும் ஒரு பிழை இருக்கு" என்றார். பூட்டைக் கையோடு கொண்டுபோய்விட்டார்.

உன் வகுப்பு. உன் சட்டம். தேனுஜனுக்கும் ஒரு வாளி, எனக்கும் ஒரு வாளி. ஆனால் உயிர் என்ற அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு இவ்வளவு நாள் எடுத்திருக்கிறதே.

நாளைக்கு வருவார். வந்தால் நான் என்ன செய்ய கீச்சு, அண்ணையைத் தண்ணி அள்ளச் சொல்லவோ, விடவோ?